வடக்கு ஜன்னலும் எதிர்வீட்டுப் பச்சைச் சுவரும்: அப்பாயியின் படம் எடுத்த அனுபவம்

ஆவணியில் அப்பாயிக்கு எண்பது வயது நிறைகிறது என்று தை மாதமே வீட்டில் பேச்சு எழுந்தபோது, கூடத்தில் மாட்டும்படியான படம் அவருக்கு ஒன்றுகூட இல்லை என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. இருந்தவை மூன்று. ஒன்று ஆதார் அட்டையில் இருப்பது. மற்றொன்று ஒரு கல்யாணத்தில் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் கண் கூசி நின்றபோது எடுத்தது. மூன்றாவது, டியூப் லைட்டுக்கு நேர் கீழே அமர்ந்திருந்தவரை அத்தை கைப்பேசியில் பிடித்தது. மூன்றிலும் முகம் பலகைபோலத் தட்டையாக இருந்தது. அவருடைய கன்னத்து எலும்பும், நெற்றிக் கோடுகளும், பேசத் தொடங்கும் முன் உதட்டோரம் வரும் சுருக்கமும் எதிலும் இல்லை. 16 அங்குலத்துக்கு 20 அங்குலம் என்ற அளவில் அச்சிடத்தக்க படத்தை, செயற்கை விளக்கு எதுவுமின்றி, எங்கள் கும்பகோணத்து வீட்டின் முன்னறை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துத் தருவதாக நான் ஒப்புக்கொண்டேன். தையில் தொடங்கிய அந்த வேலை ஆனியில்தான் முடிந்தது. இடையில் நான் செய்தவற்றையும், எங்கே தவறினேன் என்பதையும் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்த அறையைச் சொல்ல வேண்டும். வீடு வடக்குப் பார்த்தது. முன்னறை ஜன்னல் மூன்று அடி அகலமும் நான்கு அடி உயரமும் கொண்டது. அதன் அடிக்கட்டை தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி உயரத்தில் இருக்கிறது. செங்குத்தாக இரும்புக் கம்பிகள். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு மரக்கதவுகள். அவற்றைத் தனித்தனியே திறக்கவும் சாத்தவும் முடியும். வெளியே ஒன்றரை அடி நீட்டிய சன்ஷேடு. தரை பழைய சிவப்பு ஆக்சைடு தரை. தெருவின் அகலம் இருபது அடி அளவில் இருக்கும். அதற்கு அப்பால் எங்கள் ஜன்னலைப் பார்த்தபடி ஓர் ஒற்றை மாடி வீடு, கிளிப்பச்சை வண்ணம் பூசிய சுவருடன் நிற்கிறது. கருவி என்று பார்த்தால் நிக்கான் டி5600 கேமரா, 50 மி.மீ. லென்ஸ், ஒரு முக்காலி, நிறத்தைச் சரிபார்க்க உதவும் ஒரு சாம்பல் நிற அட்டை ஆகியவை மட்டுமே.

வடக்கு ஜன்னலைத் தேர்ந்ததற்குக் காரணம், ஒளிப்படக் கலை பற்றிப் படித்த எல்லா இடங்களிலும் அதுவே பரிந்துரைக்கப்பட்டிருந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஸ்டுடியோக்கள் வடக்கு நோக்கிய கண்ணாடிக் கூரையுடன் கட்டப்பட்டன. வெயில் நேரடியாக உள்ளே வராமல், வானத்தின் பரந்த வெளிச்சம் மட்டும் நாள் முழுதும் ஏறக்குறைய ஒரே அளவில் கிடைக்கும் என்பதே அதன் பயன். ஒளி வரும் பரப்பு முகத்தை நோக்கப் பெரிதாக இருந்தால் நிழலின் ஓரம் மென்மையாக விழும். சூரியன் பிரகாசமானது என்றாலும் வானில் ஒரு புள்ளி அளவே இருப்பதால், அதன் நிழல் கத்தியால் வெட்டியதுபோல விழுகிறது. மூன்றடி தொலைவில் நான்கடி உயர ஜன்னல் இருந்தால், அது முகத்துக்கு மிகப் பெரிய விளக்காகிவிடுகிறது.

தை மாதத்தில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அப்பாயியை ஜன்னலருகே நாற்காலியில் அமர்த்தி நாற்பது படங்கள் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் நன்றாகவே இருந்தன. கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஜன்னல் பக்கக் கன்னம் பச்சை பாய்ந்திருந்தது, தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழ்ப்புறத்திலும் செம்மை படிந்திருந்தது. படத்தின் மொத்த நிறச்சாயலைத் திருத்தும் வொயிட் பேலன்ஸை எப்படி நகர்த்தினாலும் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது மோசமாயிற்று. முகம் முழுவதும் ஒரே நிறக்கோளாறு என்றால் ஓர் அசைவில் திருத்திவிடலாம். ஒரே முகத்தில் இரண்டு திசைகளிலிருந்து இரண்டு நிறங்கள் விழும்போது அதற்கு எளிய மருந்து கிடையாது.

எண்பது வயதை நெருங்குபவரை மறுபடி மறுபடி உட்காரவைத்துச் சோதிப்பது சரியல்ல என்பதால், அதற்குப் பிறகு பல நாட்கள் ஒரு வெள்ளைக் கோழிமுட்டையை வைத்தே பழகினேன். உயரமான ஸ்டூலின் மேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அப்பாயியின் கண் இருந்த உயரத்தில், அதாவது தரையிலிருந்து மூன்றே முக்கால் அடியில், முட்டையை நிறுத்தினேன். முகத்தைப் போலவே அதுவும் எல்லாப் பக்கமும் வளைந்த பொருள். தனக்கென நிறம் இல்லாததால் எந்தத் திசையிலிருந்து எந்த நிறம் வருகிறது என்பதை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். உருவப்படம் எடுக்க விரும்பும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்த முட்டையைத்தான். பச்சை எங்கிருந்து வந்தது என்பதை அது ஒரே படத்தில் காட்டியது. தையில் சூரியன் நாள் முழுதும் தெற்குப் பக்கமாகவே நகர்கிறது. எதிர்வீட்டின் முகப்பு தெற்குப் பார்த்தது. ஆகவே அந்தக் கிளிப்பச்சைச் சுவரின் மீது வெயில் நேராக அடித்து, அங்கிருந்து எங்கள் ஜன்னலுக்குள் தெறித்தது. நான் வான ஒளி என்று நம்பியதில் பெரும்பகுதி உண்மையில் சுவரொளி. ஜன்னலருகே தரையில் விழுந்த வெளிச்சம் சிவப்பு ஆக்சைடில் பட்டு மேலெழும்பியதே தாடையின் செம்மைக்குக் காரணம். முகத்தில் விழும் ஒளி ஜன்னலிலிருந்து மட்டும் வருவதில்லை. ஜன்னலைப் பார்க்கும் ஒவ்வொரு பரப்பும், முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு பரப்பும் தன்னளவில் ஒரு விளக்குதான்.

இடையில் முற்றத்தையும் முயன்றேன். அங்கே வெளிச்சம் தாராளம், ஆனால் அது தலைக்கு மேலிருந்து வருவதால் கண்குழிகள் இருண்டுவிட்டன. தாழ்வாரத்துக்கு உள்ளே தள்ளி அமர்த்தினால் கொஞ்சம் சரியாகிறது என்றாலும், பின்னால் இருக்கும் பொருள்களும் முகத்துக்கு இணையான வெளிச்சத்தில் தெரிந்து கவனத்தைப் பிரித்தன. முன்னறைக்கே திரும்பினேன்.

அடுத்து, தொலைவு. புள்ளி அளவான விளக்கிலிருந்து தொலைவு இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும். ஜன்னல் அகன்ற பரப்பு என்பதால் அதன் அருகே இந்த விதி அப்படியே பொருந்தாது. குறைவு அங்கே கொஞ்சம் மெதுவாக நிகழ்கிறது. நான் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 400, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 4 என்று நிறுத்திக்கொண்டு முட்டையை நகர்த்தி அளந்தபோது, இரண்டு அடியில் ஷட்டர் வேகம் நொடியில் 800-இல் ஒரு பங்கும், நான்கு அடியில் 320-இல் ஒரு பங்கும், எட்டு அடியில் 100-இல் ஒரு பங்கும் தேவைப்பட்டன. அதாவது இரண்டடிக்கும் எட்டடிக்கும் இடையே மூன்று ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). இந்த மூன்று எண்களில் பின்னணி பற்றிய முடிவும் அடங்கியிருந்தது. அமர்பவர் ஜன்னலுக்கு அருகில் இருந்தால் பின்னால் உள்ள அறை தானாகவே இருளில் மூழ்கும். ஜன்னலை விட்டு விலக விலக முகமும் அறையும் ஒரே வெளிச்சத்துக்கு வந்துவிடும். பின்னணிக்குத் திரை எதுவும் கட்டவில்லை. ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளியிருந்த உள்ளறைக் கதவைத் திறந்துவைத்தேன். அதன் இருட்டே கறுப்புத் திரையாயிற்று. ஆனால் மிக அருகிலும் போகக்கூடாது. இரண்டு அடிக்குள் அமர்த்தினால் ஜன்னல் பக்கக் காதுக்கும் மறுபக்கக் காதுக்கும் இடையிலேயே வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்துவிடுகிறது. மூன்று அடி என்பதை நிலையாக வைத்துக்கொண்டேன்.

பச்சைச் சுவருக்கு நான் முதலில் கண்ட தீர்வு, காத்திருப்பது. கும்பகோணம் வடக்கு அட்சரேகை 11 பாகையை ஒட்டியிருக்கிறது. ஏப்ரல் 19 வாக்கில் நண்பகல் சூரியன் நம் உச்சியைக் கடந்து வடக்கே போகிறது. ஆகஸ்ட் 24 வாக்கில்தான் மீண்டும் தெற்கே திரும்புகிறது. ஐரோப்பாவில் எழுதப்பட்ட அறிவுரையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத இடம் இதுதான். அங்கே வடக்கு ஜன்னல் ஆண்டு முழுவதும் வெயிலுக்குப் பெரும்பாலும் முதுகு காட்டி நிற்கிறது. இங்கே ஆண்டில் நான்கு மாதம் வடக்கு ஜன்னல்தான் வெயில் பக்கம். ஜூன் மாதத்தில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. காலை ஏழு, ஏழரை மணிக்கு வெயில் தெருவின் நீளவாக்கில் சாய்வாக வந்து ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சுவரில் கோடுகளாக இழுக்கும். மாலை நான்கரைக்கு மேல் மேற்கிலிருந்தும் அதேபோல் நுழையும். ஒன்பதரை மணிக்கு மேல் சூரியன் உயர்ந்துவிடுவதால் சன்ஷேடு அதை மறைத்துவிடுகிறது. நண்பகலில் அது உச்சியிலிருந்து 12 பாகை அளவே வடக்கே சாய்ந்திருக்கும். இதில் எனக்குச் சாதகமானது என்னவென்றால், அந்த நேரத்தில் எதிர்வீட்டின் தெற்கு முகப்பு நிழலில் இருக்கும். ஆகவே ஆனி மாதம், காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று வரை என்று குறித்துவைத்தேன்.

ஆனியில் முட்டையை மீண்டும் நிறுத்திப் பார்த்தபோது பச்சை வெகுவாகக் குறைந்திருந்தது, ஆனால் முற்றிலும் போகவில்லை. அப்போது ஜன்னலின் கீழ்க்கதவுகள் இரண்டையும் சாத்தினேன். உண்மையில் அதைச் செய்தது வேறு காரணத்துக்காக: ஒளி கண் மட்டத்துக்குக் கீழிருந்தும் வருவதால் மூக்கின் நிழல் பக்கவாட்டில் நீண்டது, மேல்பாதி மட்டும் திறந்திருந்தால் ஒளி சற்று உயரத்திலிருந்து சரிந்து வரும், நிழல் கன்னத்தை நோக்கிக் கீழிறங்கும் என்று எண்ணினேன். அது நடந்தது. கூடவே, பச்சை முற்றாக மறைந்தது. முட்டை இருந்த இடத்தில் என் கண்ணை வைத்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது. மேல்பாதி வழியே தெரிந்தது எதிர்வீட்டு மாடிக்கைப்பிடிச் சுவருக்கும் எங்கள் சன்ஷேடுக்கும் இடைப்பட்ட வானம் மட்டுமே. பச்சைச் சுவர் முழுவதும் கீழ்க்கதவுகளுக்குப் பின்னால் போய்விட்டது. அமர்பவரின் கண் இருக்கும் இடத்திலிருந்து ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்ற இந்த ஒரு காரியத்தை நான் தையிலேயே செய்திருந்தால், சிக்கலில் பெரும்பகுதி அன்றே தீர்ந்திருக்கும். இதற்கு ஈடாக வெளிச்சம் வெகுவாகக் குறைந்தது: அதே ஐஎஸ்ஓ 400, எஃப் 4-இல் ஷட்டர் வேகம் 125-இல் ஒரு பங்குக்கு இறங்கியது. முக்காலியில் நிற்கும் கேமராவுக்கும் அசையாமல் அமரும் முதியவருக்கும் அது போதும்.

இன்னும் மென்மையாக்கலாம் என்ற ஆசையில் மேல்பாதியின் குறுக்கே மல் துணி ஒன்றைக் கட்டிப் பார்த்தேன். கம்பிகள் மறைந்தன, ஒளி ஒரு ஸ்டாப் குறைந்தது, ஆனால் பச்சை திரும்ப வந்துவிட்டது. துணி தன்மேல் எந்தத் திசையிலிருந்து விழும் ஒளியையும் வாங்கி எல்லாத் திசைகளிலும் சிதறவிடுகிறது. முகத்துக்குத் தெரியாத பச்சைச் சுவர் துணிக்குத் தெரிகிறது. ஜன்னலுக்கு வெளியே வண்ணச் சுவரோ வாழைத் தோட்டமோ இருக்கிறவர்கள் திரை போடும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள். துணியை அவிழ்த்துவிட்டேன்.

தரையின் செம்மையும் நிழல் பக்கத்து இருளும் மிச்சமிருந்தன. தையில் தரைமேல் அப்பாவின் எட்டு முழ வேட்டியை விரித்திருந்தேன். அது சொட்டு நீலத்தில் அலசிய வேட்டி என்பதால் செம்மைக்குப் பதில் தாடையில் நீலம் ஏறியது. வெள்ளை என்று நாம் கருதும் துணிகளில் பல உண்மையில் நீலம் கலந்தவை. கடையில் சலவை செய்யாத காடாத் துணி இரண்டு மீட்டர் வாங்கி விரித்தேன். அதன் இலேசான பழுப்பு, வான ஒளியின் குளிர்ந்த நீலத்துக்கு நல்ல ஈடாக அமைந்தது. மறுபக்கம் ஒளியைத் திருப்பிவிட, நம் சினிமாப் படப்பிடிப்புகளில் வழக்கமாகப் பயன்படுத்தும் தெர்மாகோல் அட்டையையே எடுத்துக்கொண்டேன். அது இல்லாதபோது முட்டையின் ஒளிப்பக்கத்துக்கும் நிழல்பக்கத்துக்கும் மூன்று ஸ்டாப் இடைவெளி. அட்டையை இரண்டடி தொலைவில் நிறுத்தினால் ஒன்றரை ஸ்டாப். ஓரடிக்குக் கொண்டுவந்தால் நிழலே ஏறக்குறைய அழிந்து, ஆதார் அட்டைப் படத்தின் தட்டைத்தன்மை திரும்பிவிடுகிறது. இரண்டடிதான் எனக்குப் பிடித்தது.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பத்தரை மணிக்கு அப்பாயி வந்து அமர்ந்தார். அரக்கு நிற நூல் சேலை, மூக்குத்தி, தினமும் போடும் கண்ணாடி. "வெளக்கப் போடாம எப்படித் தம்பி வெளுப்பா விழும்?" என்று கேட்டார். வெளுப்பாக விழக்கூடாது என்பதுதான் என் கவலையே. கேமராவின் ஒளியளவி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக ஆக்க முயல்கிறது. பின்னணியும் சேலையும் கருமையாக இருந்தால் எல்லாவற்றையும் தூக்கிக் காட்டி, மாநிறத்தைச் சுண்ணாம்பாக்கிவிடும். பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டைகளில் வெள்ளைத்தோல் பெண்ணின் படமே நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. கருமையான தோலைக் கருமையாகவே, ஆனால் உயிரோடு காட்ட வேண்டும் என்ற அக்கறை பிற்காலத்தில்தான் வந்தது. நான் ஸ்பாட் மீட்டரிங்கில் ஒளி விழும் கன்னத்தை மட்டும் அளந்து, அளவி சொன்னதைவிட முக்கால் ஸ்டாப் அளவுக்குக் குறைத்து வைத்தேன். அப்பாயியின் நிறம் அவருடைய நிறமாகவே வந்தது. மூக்குத்திக் கல்லின் மினுமினுப்பும் வெள்ளைப் புள்ளியாகக் கரைந்துபோகாமல் நின்றது.

நாற்காலியை ஜன்னலுக்கு நேர்முகமாகவும் வைக்கவில்லை, முழுப் பக்கவாட்டாகவும் வைக்கவில்லை. உடல் ஜன்னலிலிருந்து 45 பாகை அளவு திரும்பியிருக்க, முகத்தை மட்டும் கொஞ்சம் ஜன்னலை நோக்கி மீளச் சொன்னேன். கேமராவை முகத்தின் நிழல் பக்கமாக நிறுத்தினேன். அப்போது கேமராவுக்கு அருகில் இருக்கும் கன்னம் நிழலிலும், தொலைவில் இருக்கும் கன்னம் வெளிச்சத்திலும் இருக்கும். நிழல் பக்கக் கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முக்கோண வெளிச்சம் தங்கும். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் இதை அழைக்கிறார்கள். இந்தக் கோணத்தில் முகத்தின் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தெரியும். அவற்றை மறைக்கிற ஒளி வேண்டுமென்றால் ஜன்னலுக்கு நேர்முகமாக அமர்த்தினால் போதும், எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

கண்ணாடியில்தான் நேரம் போயிற்று. இரண்டு வில்லைகளிலும் ஜன்னல் வெள்ளைச் சதுரமாகப் பிரதிபலித்தது. கழற்றச் சொல்லலாம், ஆனால் கண்ணாடி இல்லாத அப்பாயியை எங்கள் தலைமுறையில் யாரும் பார்த்ததில்லை. கண்ணாடியின் காம்புகளைக் காதுக்கு மேல் அரை அங்குலம் உயர்த்தி வைத்தேன். வில்லைகள் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்தன, ஒளி மேலிருந்து வந்ததால் பிரதிபலிப்பு மடிப்பக்கம் இறங்கிப் படத்திலிருந்து விலகிவிட்டது. கண்மணிகளில் மட்டும் கடிகாரத்தின் பத்து மணி இருக்கும் இடத்தில் ஜன்னலின் ஒளிப்பொட்டு நின்றது. பெரிதாக்கினால் அதற்குள் கம்பிகள்கூடத் தெரிகின்றன. அறுபது ஆண்டுகளாக அவர் தெருவைப் பார்த்த கம்பிகள் அவை, அழிக்கவில்லை.

ஆரம்பத்தில் பின்னணி கரைய வேண்டும் என்று எஃப் 1.8-இல் எடுத்த படங்கள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டேன். ஐந்தடித் தொலைவில் அந்தத் துளையில் தெளிவாக விழும் ஆழம் ஆறரை செ.மீ. அளவே, முகம் திரும்பியிருப்பதால் ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கியும் வந்தது. எஃப் 4-இல் அது பதினான்கு செ.மீ. ஆகிறது, இரண்டு கண்களும் உதடும் நின்றன. அன்று வெண்மேகங்கள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. மேகம் வடக்கு வானத்துக்கு வந்தபோதெல்லாம் வெளிச்சம் கூடியது, நீலமும் குறைந்தது. வெயில் பட்ட வெண்மேகம் நீல வானைவிடப் பிரகாசமானது. ஆகவே எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியளவை, ஒரே அளவில் பூட்டிவைக்க முடியவில்லை. ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் சாம்பல் அட்டையை முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன், பின்னர் ரா கோப்புகளில் (கேமரா பதிந்ததை மெருகேற்றாமல் அப்படியே வைத்திருப்பவை) நிறத்தைச் சரிசெய்ய அவையே கைகொடுத்தன. இருபத்தைந்து நிமிடத்தில் அப்பாயி களைத்துவிட்டார். எழுந்திருக்கலாம் என்று சொல்லி, தெர்மாகோல் அட்டையைப் பிடித்திருந்த அத்தை மகனிடம் அவர் எதையோ கேட்கத் திரும்பிய நொடியில் எடுத்ததே நாங்கள் தேர்ந்தெடுத்த படம். உதட்டோரச் சுருக்கம் அதில் இருக்கிறது.

முதல் அச்சு இருண்டு வந்தது. என் கணினித் திரையின் பிரகாசம் முழுமையாக ஏற்றப்பட்டிருந்ததே காரணம். வெளிச்சமான திரையில் சரியாகத் தெரிவது காகிதத்தில் ஒரு படி மங்கிவிடும். திரையைப் பாதிக்குமேல் குறைத்து, வெள்ளைக் காகிதம் ஒன்றை அருகில் வைத்து ஒப்பிட்டு, நிழல் பக்கத்தை அரை ஸ்டாப் உயர்த்தி, மேட் காகிதத்தில் மறு அச்சு எடுத்தேன். இரண்டாவது அச்சில் நிழல் கன்னத்தின் கோடுகளும் சேலையின் அரக்கும் பிரிந்து தெரிந்தன.

மாட்டுவதற்குக் கூடத்தின் மேற்குச் சுவரில் ஏற்கெனவே ஆணி இருந்தது. அங்கே முற்றத்து வெளிச்சம் நேர் எதிரிலிருந்து சட்டத்தின் கண்ணாடியில் அடித்தது. முகத்துக்குப் பதில் முற்றம்தான் தெரிந்தது. தெற்குச் சுவருக்கு மாற்றினேன். அங்கே முற்றத்து ஒளி பார்ப்பவரின் இடப்பக்கத்திலிருந்து படத்தின்மேல் சரிகிறது. படத்துக்குள்ளும் ஒளி இடப்பக்கத்திலிருந்தே வருகிறது. புது ஆணி அடித்து, தரையிலிருந்து ஐந்தடியில் படத்தின் நடுப்பகுதி வருமாறு மாட்டியிருக்கிறேன்.